பரிசு வாங்காத ஊறுகாய்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. தண்ணீருக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு. மேலநீலிதநல்லூரைச் சுற்றியிருக்கும் மானாவாரிக் காடுகளில் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் வெள்ளாமை. காய் காய்க்கிற மாதங்கள் கொஞ்சம், குழம்புக்குக் காய் தேடுகிற மாதங்கள் அதிகம். இந்தக் கணக்கைச் சரிக்கட்டப் பிறந்தவைதான் வத்தலும் ஊறுகாயும். காட்டோரங்களில் தானாகப் படர்கிற மிதுக்கங்காயைக் கீறி உப்பு மோரில் ஊறப்போட்டு, பகலில் காயவைத்து, ராத்திரி மறுபடி அதே மோரில் போட்டு, மோர் வற்றித் தீரும்வரை விடாமல் செய்தால் மிதுக்கவத்தல். மோர்மிளகாய்க்கும் சுண்டைக்கும் ஏறக்குறைய இதே பக்குவம். சீனியவரையை மட்டும் உப்புத் தண்ணீரில் வேகவைத்துக் காயப்போடுவார்கள். மேற்கே மலையடிவாரத்தில் புளியங்குடி எலுமிச்சை, கிழக்கே தூத்துக்குடி உப்பளம், இரண்டுக்கும் நடுவில் இந்த ஊர்கள். நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து, உள்ளே கல்லுப்பை அடைத்து, கறுத்துச் சுருங்கும்வரை வெயிலில் வைத்து எடுத்தால் வருஷக்கணக்கில் கெடாது; வயிறு சரியில்லாதவர்களுக்கு அதுவே மருந்து. கொட்டை எடுத்த புளியில் உப்பைக் கலந்து பானையில் திணித்து வைத்தால் அடுத்த புளி உலுக்கும்வரை தாங்கும். இவ்வளவு கைப்பக்குவம் இருந்தும், யார் வீட்டு ஊறுகாய் நல்ல ஊறுகாய் என்று திருவிழாவிலோ சந்தையிலோ போட்டி வைத்துப் பரிசு கொடுக்கும் வழக்கம் இங்கே வேரூன்றவே இல்லை.

இல்லாத ஒன்றுக்கு எதற்கு வரலாறு என்று கேட்கலாம். மற்ற நாடுகளில் இது இருந்திருக்கிறது, அதுவும் கிராமத்து வாழ்க்கையின் நடுவிலேயே இருந்திருக்கிறது என்பதால்தான் இந்தக் கேள்விக்கே இடம் வருகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டில் எல்கானா வாட்சன் என்பவர் 1810-இல் ஒரு மாட்டுக் கண்காட்சி நடத்தினார். அடுத்த ஆண்டே பெர்க்‌ஷயர் வேளாண் சங்கம் உருவானது. காளைக்கும் ஆட்டுக்கும் பரிசு கொடுத்த அந்த மேடையில் சில ஆண்டுகளுக்குள் பெண்கள் வீட்டில் நெய்த துணிக்கும் பரிசு வந்தது. பிறகு வெண்ணெய், ரொட்டி, பழப்பாகு, ஊறுகாய் என்று வரிசை நீண்டது. 1858-இல் ஜான் மேசன் திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கிய பின், வீட்டில் பதப்படுத்திய பழங்களை அந்த ஜாடியிலேயே மேசைமேல் வரிசையாக நிறுத்த முடிந்தது. பிரிட்டனில் வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் 1915-இல் முதல் கிளை கண்ட மகளிர் சங்கங்கள், ஊர்தோறும் நடந்த மலர், காய்கறிக் கண்காட்சிகளில் ஜாம் போட்டியை நிலையான அங்கமாக்கின. இரண்டாம் உலகப் போரில் அரசே சர்க்கரை ஒதுக்கி அந்தப் பெண்களை ஜாம் காய்ச்சச் சொன்னது. அதற்கும் முன்னால், பிரெஞ்சு அரசு உணவைக் கெடாமல் காக்கும் வழிக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்து, அதை 1810-இல் நிக்கோலா அப்பேர் பெற்றுக்கொண்டார். அந்த நாடுகளில் புட்டியும் பரிசும் கூடவே வளர்ந்தவை என்று சொன்னால் தப்பில்லை.

நம்மூரில் ஏன் இல்லை என்பதற்குக் கைவசம் உள்ள பதில்கள் எதுவும் போதவில்லை. போட்டி மனப்பான்மையே நமக்கு அந்நியம் என்பது முதல் பதில். மஞ்சுவிரட்டும், வழுக்குமரமும், உறியடியும் நடக்கிற மண்ணில் இதைச் சொல்ல வாய் கூச வேண்டும். பெண்கள் வேலைக்கு மதிப்பில்லை என்பது இரண்டாவது. மதிப்பில்லை என்பது உண்மைதான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பண்ணைவீட்டிலும் அடுப்படிக்குத் தனி மரியாதை ஏதும் இருந்துவிடவில்லை, இருந்தும் பரிசு வந்தது. போதாததற்கு, பெண்களின் கைவேலை இங்கேயும் பலர் பார்வைக்கு வந்துதான் நிற்கிறது. அம்மன் கொடையில் முளைப்பாரி ஊர்வலமாக வரும்போது எந்த வீட்டுப் பாரி ஓங்கி வளர்ந்திருக்கிறது, எது மஞ்சளாய்ச் சோர்ந்திருக்கிறது என்று தெருவே அளக்கும். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்தாத இளைஞர் மன்றம் அபூர்வம். ஆகவே போட்டியும் உண்டு, பெண்கள் அதில் கலந்துகொள்வதும் உண்டு. அடுப்படிப் பண்டம் ஒன்றுதான் அந்த மேடைக்கு வரவில்லை.

முளைப்பாரியும் கோலமும் கண்ணால் தீர்ப்புச் சொல்லும் விஷயங்கள். ஒன்று தலையில் போகிறது, ஒன்று வாசலுக்கு வெளியே தெருவில் கிடக்கிறது. ஊறுகாய்க்குத் தீர்ப்புச் சொல்ல நாக்கு வேண்டும், நாக்கு வைப்பதென்றால் அந்த வீட்டில் கைநனைத்த கணக்கு. யார் யார் வீட்டில் யார் யார் கைநனைக்கலாம் என்பதில்தான் இங்கே சாதி தன் முழு பலத்தையும் வைத்திருந்தது. மேலைநாட்டுப் போட்டியின் நேர்மைக்கு அடிப்படை, ஜாடியில் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும் இருக்க வேண்டும் என்பது. செய்தது யார் என்று தெரியாததால் நடுவர் நடுநிலையாக இருக்கிறார். அதே விதியைத் தென்தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் நூறு வருஷத்துக்கு முன்னால் வைத்திருந்தால், நடுவரே எழுந்து போயிருப்பார். இது யார் கை என்று தெரியாமல் வாயில் வைப்பதைத்தான் அந்தச் சமூகம் பெரிய ஆபத்தாக நினைத்தது. ஓரிடத்தில் நியாயத்துக்குக் காவலாக நின்ற மறைப்பு, இன்னோரிடத்தில் போட்டியையே நடக்கவிடாத தடை. ஊறுகாய்ப் போட்டி இங்கே பிறக்காததற்கு நான் காணும் முதன்மையான காரணம் இதுதான்.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. அமெரிக்கக் கண்காட்சிகள் பலவற்றில் புட்டியில் அடைத்த காய்கறியை நடுவர்கள் சுவைப்பதே இல்லை. நிறம், தெளிவு, நிரப்பிய அளவு, மூடியின் இறுக்கம் இவற்றைப் பார்த்தே மதிப்பெண் போடுகிறார்கள். புளிப்புக் குறைந்த காய்கறியைச் சரியாக அடைக்காவிட்டால் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கொடிய நஞ்சு உருவாகும் என்ற பயம்தான் காரணம். அப்படிக் கண்ணாலேயே தீர்ப்புச் சொல்லலாம் என்றால் இங்கே நாக்குத் தடை எப்படிக் குறுக்கே வரும்? பண்டத்தின் தன்மை வேறு என்பது என் பதில். கண்ணாடிப் புட்டியில் நிற்கும் பழத்துண்டு பார்வைக்கென்றே அடுக்கப்படுகிறது. நம் ஊறுகாய் இருப்பதோ பீங்கான் ஜாடியில், அதன்மேல் துணி வேடு கட்டி. திறந்து பார்த்தாலும் கறுப்பும் சிவப்புமாய் எண்ணெய் மிதக்கும், அவ்வளவுதான். உப்பு இறங்கியதா, தோலின் கசப்பு அடங்கியதா, வெந்தயம் கருகியதா என்பதெல்லாம் வாசத்திலும் நாக்கிலும்தான் பிடிபடும். வத்தலோ எண்ணெயில் பொரித்தால்தான் தன் குணத்தைக் காட்டும். ஊறுகாய் போடுகிற வீட்டில் ஈரக்கை ஆகாது, தீட்டுக்காரி தொடக் கூடாது என்றெல்லாம் விதி வைத்தார்கள். ஈரக்கை விதிக்குப் பின்னால் பூஞ்சை பற்றிய அனுபவ அறிவு இருக்கிறது; மற்றதற்குப் பின்னால் இருப்பது தூய்மை பற்றிய கற்பனை. இரண்டும் ஒரே ஜாடிக்குள் சேர்ந்தே ஊறியதால் ஜாடி வீட்டின் மிக உள்ளான பொருளாகிப் போனது.

இன்னொரு மறுப்பு: கடையில் ஊறுகாய் விற்றதே, வாங்கித் தின்றார்களே? விற்றது உண்மை. ஆனால் காசு கொடுத்து வாங்கியதற்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ள எல்லாச் சமூகங்களுக்கும் தெரியும். கடைச் சரக்கு யாருடைய வீட்டையும் வாங்குகிறவரோடு உறவாக்குவதில்லை. பரிசு அப்படியல்ல, கடைசியில் எண்ணை எடுத்துவிட்டுப் பெயரையும் தெருவையும் மேடையில் வாசித்தாக வேண்டும். கீழத்தெரு ஜாடி முதல் பரிசு வாங்கினால், மேலத்தெரு நாக்கு அதை ஒப்புக்கொண்டது என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். கோயில் இதைத் தீர்த்திருக்கலாமே என்றும் கேட்கலாம். சங்கரன்கோவிலில் கோமதி அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மாவிளக்கு வருகிறது. தபசுக் காட்சியின்போது விவசாயிகள் பருத்தி, மிளகாய் வத்தல், தானியம் எனத் தங்கள் விளைச்சலைச் சூறைவிடுகிறார்கள். எல்லோர் பொருளும் ஒரே இடத்தில் குவிகிற அருமையான தருணம் அது. ஆனால் காணிக்கையில் தரம் பிரிப்பதில்லை. கோமதி அம்மனுக்கு எறிந்த பருத்தியில் எது நீள இழை என்று யாரும் பார்க்கப்போவதில்லை. காணிக்கை எல்லோரையும் சமமாக்கும்போது அவரவர் திறனை அழித்துவிடுகிறது; போட்டிக்கு அந்த வேறுபாடு மிஞ்ச வேண்டும்.

கண்காட்சி என்ற வடிவம் நம் பக்கம் வராமலும் இல்லை. 1851-இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியை முன்மாதிரியாக வைத்து, 1855-இல் சென்னையில் தென்னிந்திய மூலப்பொருள்களுக்கும் கைத்தொழில்களுக்கும் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. எட்வர்ட் பால்ஃபர் அதில் முன்னின்றார். பொருள்கள் 30 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு நடுவர் குழுக்களின் அறிக்கைகள் அச்சேறின. அந்த மேடையில் நாக்குத் தடை கிடையாது. ஆனால் கம்பெனி அரசின் கண் எங்கே இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்: எண்ணெய், நார், சாயம், தானியம், கப்பலில் ஏற்றக்கூடிய எதுவும். ஒரு வீட்டு நார்த்தங்காய் அந்தக் கணக்கில் சேராது. மலையில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய உதகை மலர்க் கண்காட்சிக்கு 1896 வரை போகும் வரலாறு உண்டு. அதன் வழிவந்ததாகச் சொல்லத்தக்க குன்னூர் சிம்ஸ் பூங்காப் பழக் கண்காட்சி இன்றும் நடக்கிறது. அவை மலையோடு நின்றன. சமவெளியில் நமக்குக் கிடைத்தது மாட்டுத்தாவணிதான். அங்கே பல்லைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள்.

அப்படியானால் ஊறுகாய்ப் போட்டியின் தமிழ் வரலாற்றை உண்மையில் தேட வேண்டிய இடம் சேர்ந்து உண்டவர்களின் வரலாறு. அதன் பல முக்கிய நிகழ்வுகள் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலேயே நடந்தவை. சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் 1924, 1925-இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது, குருகுலத்தை நடத்திய வ.வே.சு. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார், வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை மாநிலப் பிரச்சினையாக்கினார்கள். தேசபக்தியும் தமிழ்ப்பற்றும் குறையாத ஒரு பள்ளிக்கூடத்திலேயே பந்தி இந்தப் பாடுபடுத்தியது என்றால், ஊர்ப் பொட்டலில் ஊறுகாய் நக்கிப் பார்க்க யார் உட்கார்ந்திருப்பார்கள்? ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்கென்று தனி இடம் 1941 வரை இருந்தது. 1956-இல் காமராசர் பள்ளி மதிய உணவை எட்டயபுரத்தில் தொடங்கினார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். ஒரே கரண்டியில் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் சோறு விழுந்த அந்த வரிசைகள் செய்ததை எந்தப் பிரச்சாரமும் செய்திருக்காது என்பது என் கருத்து. முடிந்துபோன கதை என்றும் சொல்ல முடியாது. 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் பட்டியல் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகிலுள்ள உசிலம்பட்டிப் பள்ளியில் பிள்ளைகள் இதே காரணத்தால் காலை உணவைத் தவிர்த்ததாகச் செய்தி வந்து, நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி அங்கே போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

இந்தப் பின்னணியில்தான் மேலநீலிதநல்லூர் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்பது முக்கியமாகிறது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தபின், மாதர் சங்கம், ஊர்நல அலுவலர், சமையல் செயல்விளக்கம் என்று அடுப்படிக்கு முதன்முதலாக ஓர் அரசு வாசல் திறந்தது. அந்த வாசல் எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லை என்பதே அதன் பெருமை. இன்று நாடெங்கும் செப்டம்பரில் ஊட்டச்சத்து மாதம் கொண்டாடுகிறார்கள். அங்கன்வாடிகளிலும் மகளிர் குழுக்களிலும் சமையல் போட்டி வைக்கிறார்கள். பெயர் தெரியாத கையின் பண்டத்தை அதிகாரி ஒருவர் எடுத்து வாயில் போடுகிறார். 1920-களில் சேரன்மாதேவியில் முடியாத காரியம் இது. ஆனாலும் அங்கே ஊறுகாய்க்கு இடமில்லை. சிறுதானியமும் கீரையும் மதிப்பெண் வாங்கும் மேசையில், நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையோடு ஊறுகாய் போட்டியிட முடியாது. தடை முன்பு சாதிப் பக்கத்திலிருந்து வந்தது. இப்போது ரத்த அழுத்தப் பக்கத்திலிருந்து வருகிறது. பின்னது நியாயமானது, ஆனால் முழுக்க நியாயமானது அல்ல. தொட்டுக்கொள்கிற பொருளைத் தின்கிற பொருளாக எண்ணி அளக்கிறார்கள்.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வந்தபின் ஜாடி வேறு வழியில் வெளியே வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் அமைந்தது. இன்று கண்காட்சித் திடல்களிலும் ஆட்சியர் அலுவலக வளாகங்களிலும் குழுக்களின் ஊறுகாயும் வத்தலும் உரிம எண் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாக்களில் விற்பனைக்கு நிற்கின்றன. சம்பாத்தியம் வந்தது நல்லது. அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் விற்பனை எல்லா ஊறுகாயையும் ஒரே சுவைக்கு இழுக்கும், எலுமிச்சை, மாங்காய், பூண்டு என்று விலைபோகிறதை மட்டும் பெருக்கும். மிதுக்கவத்தலைக் காப்பாற்றப் போட்டிதான் வேண்டும், ஏனென்றால் போட்டியில்தான் விற்காத பண்டத்துக்கும் தனி வகுப்பு வைக்கலாம்: உப்பு நார்த்தங்காய்க்கு ஒன்று, மோர்வத்தலுக்கு ஒன்று, கிடாரங்காய்க்கு ஒன்று, ஒரு வருஷம் கடந்த ஜாடிக்குத் தனியாக ஒன்று. நடுவர்களாக மனையியல் பேராசிரியர்களை மட்டும் உட்காரவைப்பது போதாது. ஐம்பது வெயில்காலம் வத்தல் போட்ட கிழவிகள் எல்லாத் தெருவிலிருந்தும் வர வேண்டும். செலவென்று பார்த்தால் பத்து மேசை, ஒரு பந்தல், எண் எழுதிய சீட்டு. ஒன்றிய அலுவலகத்தில் இதைவிடச் செலவான விழாக்கள் நடக்கின்றன.