மண்டபத்துக்குப் போன இரும்புத் தகடு

காரைக்குடியில் 'சிக்ரி' என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்காமல் கொண்டுபோய் விடுவார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. பேட்டரி, மின்முலாம் என்று அங்கே பல வேலைகள் உண்டு. என்னை அதிகம் ஈர்த்தது அவர்களுடைய காற்றாராய்ச்சி. எந்த ஊர்க் காற்று இரும்பை எவ்வளவு தின்கிறது என்று அளந்து, இந்தியாவுக்கு அரிமான வரைபடம் போட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள். அதற்கான கருவி ஓர் இரும்புத் தகடு. ஆய்வகத்தில் அதைக் கூப்பன் என்பார்கள்.

மைல்டு ஸ்டீல் தாளிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் அளவில் வெட்டுவது இந்தச் சோதனைகளில் வழக்கம். 2 மில்லிமீட்டர் கனம் இருந்தால் எடை சுமார் 236 கிராம் வரும். பெயின்டில் எழுதிய அடையாள எண் வெயிலுக்கும் மழைக்கும் நிற்காது. அதனால் அச்சு வைத்து அடித்துக் குத்திவிடுவார்கள். அசிட்டோனில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, உலர்த்தி, மில்லிகிராம் வரை எடை பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். அதன் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் வியர்வையில் இருக்கிற உப்பே துருவைத் தொடங்கி வைத்துவிடும்.

காரைக்குடியிலிருந்து மானாமதுரை, ராமநாதபுரம் வழியாக ராமேசுவரம் போகிற ரயில், பாம்பன் பாலத்தில் ஏறுவதற்கு முன் மண்டபத்தில் நிற்கும். சிக்ரியின் கடல் அரிமான ஆய்வுப் பிரிவு அங்கேதான் இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் சோழகம் அடித்தாலும் காற்று கடலைத் தொட்டுத்தான் வரும். திறந்த வெளிச் சட்டத்தில், வேறு உலோகம் படாதபடி மின்கடத்தாப் பிடிகளில் தகட்டைச் சாய்வாகப் பொருத்துவார்கள். கூடவே அதே தாளில் வெட்டிய பல தகடுகள் இருக்கும். ஓராண்டில் சிலவற்றை இறக்குவார்கள், இரண்டாம் ஆண்டில் சிலவற்றை. மற்றவை ஐந்தாண்டு, பத்தாண்டு என்று கிடக்கும்.

இரும்பைக் கெடுப்பது மழைதான் என்று நாம் நினைக்கிறோம். மண்டபத்தில் மழை பெய்யும் நாட்கள் கொஞ்சம்; ஆனாலும் தகடு நனைந்தே கிடக்கும். அலை உடைகிறபோது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறிவந்து தகட்டில் ஒட்டிக்கொள்கின்றன. நீர் வற்றினாலும் உப்பு தங்கிவிடும். அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. சமையல் உப்புக்கு அதற்கு 75 சதவீத ஈரப்பதம் வேண்டும். கடல் உப்போடு சேர்ந்துவரும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் இருந்தாலே போதும். கடற்கரையில் உச்சி வெயிலிலும் அதைவிட ஈரம் இருக்கும். ஆகவே தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் இரவு பகலாகக் காயாமல் நிற்கிறது. பெருமழை வந்தால் மேல்பக்கத்து உப்பைக் கழுவிவிடும். அந்த வகையில் மழை தகட்டுக்கு நல்லதே செய்கிறது. மழை எட்டாத அடிப்பக்கம்தான் பெரும்பாலும் அதிகம் செதில் விட்டு உதிரும்.

குறித்த நாளில் இறக்கிய தகடு ஆய்வகத்துக்குத் திரும்புகிறது. துருவைச் சுரண்டி எடுத்தால் நல்ல இரும்பும் கூட வந்துவிடும். அதனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆன்டிமனி ஆக்சைடும் வெள்ளீயக் குளோரைடும் கலந்த கரைசலில் முக்குவார்கள். அமிலம் துருவைக் கரைக்கும். சேர்த்த இரண்டும் இரும்பைக் காக்கும். அப்படியும் அமிலம் கொஞ்சம் இரும்பைத் தொட்டுவிடும். வெயிலையே பார்க்காத ஒரு புதுத் தகட்டையும் உடன் முக்கி, அது எவ்வளவு எடை இழக்கிறதோ அதைக் கணக்கில் கழித்துவிடுவார்கள். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

மிஞ்சுவது ஓர் எண். முதல் ஆண்டில் இரும்பு 25 மைக்ரான் வரை தேய்ந்தால் காற்று சாதுவானது என்கிறது சர்வதேசத் தர அளவு. நம் தகட்டில் அது சுமார் 6 கிராம் இழப்பு. 80 மைக்ரானைத் தாண்டினால் மிகக் கடுமையான காற்று, இழப்பு 19 கிராமுக்கு மேல். 200 மைக்ரானையும் தாண்டும் காற்றுக்கென்று 2012-இல் தனி வகுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள்.

இரும்பு, துத்தநாகம், கால்வனைஸ்டு இரும்பு, அலுமினியம் ஆகிய நான்கையும் நாட்டின் பத்து இடங்களில் வைத்துப் பார்த்த முடிவுகளைச் சிக்ரி ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்டார்கள். இப்படி இங்கேயே அளப்பது அவசியம். பல ஐரோப்பிய நகரங்களில் இரும்புக்கு எதிரி நிலக்கரிப் புகையின் கந்தகமாக இருந்தது. 1987-இல் அங்கே தொடங்கிய கூட்டுத் திட்டத்தில், கந்தகம் குறையக் குறையத் துருவும் குறைந்ததைத் தகடுகளே காட்டின. மண்டபத்தின் எதிரியோ கடல். அவர்களுடைய அளவுகள் நமக்கு ஆகாது.

இந்தக் கடல் காற்றின் வேலைக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் பாதுகாப்புக் கருதி ரயிலை நிறுத்தினார்கள். 1964 புயலில் சிதைந்தும் மீண்டெழுந்த பாலம், கடைசியில் உப்புக் காற்றுக்குப் பணிந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு, முழுக்கப் பற்றவைத்த இணைப்புகள் என்று காவல் போட்டிருக்கிறார்கள்.

தொண்டிக் கடல் காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் 45 கிலோமீட்டர்தான். ஆனாலும் கடல் உப்பில் பெரும்பங்கு கரையை ஒட்டிய சில கிலோமீட்டருக்குள் இறங்கிவிடுவதால், செட்டிநாட்டு வீடுகளின் ஜன்னல் கம்பிகளும் கிராதிகளும் தலைமுறைகள் தாண்டி நிற்கின்றன. ஆனால் அரிமான வரைபடம் காட்டுவது அளந்த காலத்துக் காற்றை. வெப்பமும் ஈரமும் புகையும் மாறும்போது புதிய தகடுகளைத் தொங்கவிட்டே ஆக வேண்டும். பத்தாண்டு பொறுத்துக் கிடக்கும் தகட்டுக்குப் பணம் ஒதுக்க யாருக்கும் ஆர்வம் வருவதில்லை என்பது என் வருத்தம். காற்றின் கடுமையை அறிய வேண்டியவர்கள் வீடு கட்டுகிறவர்களும்தான். இந்தியக் கட்டுமானத் தர விதிப்படி, உள்நாட்டில் காப்பான இடத்தில் கூரைக் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனத்துக்காக வைக்கும் கட்டை) வைத்தால் போதும். கடற்கரையில் 45 வைக்க வேண்டும். உப்புநீர் தெறிக்கும் இடத்தில் 50.