மாணவர் படமாக்கிய சிறுகதை

1956ஆம் ஆண்டில், மொஸ்கோ அரசினர் திரைப்படக் கலாசாலையில் மிகயீல் ரொம் என்னும் ஆசிரியரிடம் பயின்ற தார்க்கோவ்ஸ்கி, கோர்டன், மரிக்கா பெய்க்கு ஆகிய மாணவர் மூவர் ஒரு சிறு படத்தை ஆக்கினர். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1927இல் வெளியிட்ட ‘கொலைகாரர்’ என்னும் சிறுகதையே அவர்கள் தெரிந்தெடுத்தது. ஸ்டாலின் மறைந்து மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. மேனாட்டு இலக்கியத்திற்கு அடைபட்டிருந்த கதவு மெல்லத் திறந்த வேளை அது.

கதை எளியது. ஒருவனைக் கொல்ல இருவர் சிற்றுண்டிச்சாலையிற் காத்திருக்கின்றனர், அவன் வரவில்லை. இளைஞன் ஒருவன் விரைந்து சென்று அவனை எச்சரிக்கின்றான். முன்னாட் குத்துச்சண்டை வீரனாகிய அவனோ, சுவரை நோக்கிப் படுத்தவாறே தப்பியோட மறுத்துவிடுகின்றான்.

ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும் படத்திலே சிற்றுண்டிச்சாலைக் காட்சிகளைத் தார்க்கோவ்ஸ்கியும், இடைக்காட்சியைக் கோர்டனும் இயக்கினர். வீரனாக நடித்த சக மாணவர் சுக்‌ஷின் பின்னாளிற் புகழ்மிக்க எழுத்தாளரானார். கதையிற் கொலை நிகழ்வதில்லை, படத்திலும் நிகழ்வதில்லை. காத்திருத்தலும் அச்சமுமே காண்போர் நெஞ்சை அழுத்துகின்றன.

ஆறாண்டுகளின் பின், 1962இல், தார்க்கோவ்ஸ்கி பொகொமோலவின் கதையொன்றைத் தழுவி எடுத்த ‘இவானின் குழந்தைப் பருவம்’ வெனிஸ் விழாவிலே தங்கச் சிங்க விருதைப் பகிர்ந்து பெற்றது. ஆசிரியன் சொல்லாது விட்டதைத் தாமும் சொல்லாது விடும் துணிவை, அவர் மாணவப் பருவத்திலேயே பழகியிருந்தார்.