வரிசைக்கும் வரிசைக்கும் இடையில்: படைவீரர் ஓய்வூதியத்தில் வழிவந்த மனச்சோர்வு

படையில் இருந்தபோது வந்த உடல்நோயைப் படையின் மருத்துவ வாரியம் ஏற்கிறது. அந்த நோயைத் தொடர்ந்து வந்த மனச்சோர்வை மறுக்கிறது. இம்மறுப்பு விதிகளின் இயல்பான விளைவே என்றும், அமெரிக்கச் சட்டத்தில் உள்ளதுபோல் ‘வழிவந்த நோய்’ என்ற கருத்து இந்திய விதிகளில் இல்லை என்றும் இத்துறையில் ஒரு வாசிப்பு நிலைபெற்றிருக்கிறது. அமெரிக்க ஒழுங்குமுறைத் தொகுப்பின் 38ஆம் தலைப்பில் 3.310ஆம் பிரிவு அதை வெளிப்படையாகச் சொல்கிறது. நம்மிடம் அப்படியொரு தனிப்பிரிவு இல்லை என்பது உண்மை. ஆனால் பிரிவு இல்லாததால் கருத்தும் இல்லை என்று முடிவுகட்டுவது தவறான வாசிப்பு என்று கருதுகிறேன்.

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில், முன்னாள் ஹவில்தார் ஒருவரின் கோப்பை அவர் அனுமதியோடு படித்தேன். அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்க்கிறேன். தகரப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக்கும், அதனடியில் பிளாஸ்டிக் உறையில் பணி விடுவிப்பு மருத்துவ வாரியத்தின் அறிக்கையும் இருந்தன. வாரியக் கருத்தைப் பதியும் பகுதி ஓர் அட்டவணை. முதல் வரிசையில் இதயத் தமனி நோய், 30 விழுக்காடு, ‘பணியால் மிகுந்தது: ஆம்’. இரண்டாம் வரிசையில் மனச்சோர்வு, 40 விழுக்காடு. அதற்கு எதிரே ‘பணியால் விளைந்தது: இல்லை’, ‘பணியால் மிகுந்தது: இல்லை’. காரணம் கேட்கும் கட்டத்தில், அமைதிப் பகுதியில் பணியாற்றியபோது தொடங்கியது என்று ஒரே ஒரு வரி. இரண்டையும் நேர்க்கூட்டலாக அல்லாமல் சேர்த்துக் கணித்த மொத்த மதிப்பீடு 60.

இந்த அட்டவணையை வழக்குரைஞர்களும் ஆய்வாளர்களும் பலமுறை பார்த்திருப்பார்கள். அதன் வடிவம் செய்யும் வேலை போதிய கவனம் பெறவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் படைப்பணிக்கும் என்ன உறவு என்று படிவம் கேட்கிறது. முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் என்ன உறவு என்று கேட்கும் கட்டமே அதில் இல்லை. விழுக்காட்டைக் கணக்கிடும்போது மட்டும் இரண்டு நோய்களும் ஒரே உடலில் இருப்பதைப் படிவம் நினைவில் கொள்கிறது; காரணத்தைக் கணிக்கும்போது அவற்றை இரு வேறு ஆட்களின் நோய்கள்போல் பிரித்துவிடுகிறது. கேள்வி கேட்கப்படாததால் பதில் எழுதப்படவில்லை. எழுதப்படாத அந்தப் பதிலைத்தான் பின்னர் ‘தொடர்பு இல்லை’ என்று எல்லோரும் படிக்கிறார்கள்.

மேலே சொன்ன நிலைபெற்ற வாசிப்பின் முதன்மைச் சான்று, படைத்துறை ஓய்வூதியங்களுக்கான மருத்துவ அலுவலர் வழிகாட்டியின் ஆறாம் இயலில் உள்ள 54ஆம் பத்தி. 2002 வழிகாட்டியில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இருந்த வடிவத்தையே எடுத்துக்கொள்கிறேன். மனநோய் எந்தச் சூழல்களில் பணியால் விளைந்ததாக ஏற்கப்படும் என்று அது சொல்கிறது: போர்ப் பகுதி, உயர்மலைப் பகுதி, தனித்துக் கிடக்கும் காவல் நிலைகள், பிணங்களுக்கிடையே பணியாற்ற நேரும் பேரிடர்கள் முதலியவை. அதோடு இன்னொன்றும் உண்டு. உறுப்பிழப்பு, பக்கவாதம் போன்ற கடுங்காயங்கள் பட்டு ஓராண்டுக்குள் மனநோய் தோன்றினால், அக்காயங்கள் பணியால் விளைந்தவையாக இருக்குமானால், மனநோயும் அவ்வாறே ஏற்கப்படும். ‘காயம் சொல்லப்பட்டிருக்கிறது, நோய் சொல்லப்படவில்லை, ஆகவே நோய் விலக்கப்பட்டது’ என்பது அந்த வாசிப்பு.

காயங்களின் பட்டியலைத் தாண்டி, அதோடு இணைத்த நிபந்தனையைப் பாருங்கள். காயம் ‘தானே’ பணியால் விளைந்ததாக இருக்க வேண்டும் என்கிறது பத்தி. மனநோய்க்குப் படைப்பணியோடு நேரடி உறவு இருந்தாக வேண்டும் என்று அது கேட்கவில்லை. முதல் நிலைக்கு ஏற்பு கிடைத்தால் அது வழிநிலைக்கும் செல்லும் என்ற கொள்கையை வைத்துக்கொண்டுதான் அப்படி எழுத முடியும். விதி இக்கொள்கையை எங்கும் பெயரிட்டு அறிவிக்கவில்லை, ஆனால் பயன்படுத்துகிறது. பெயரில்லாத ஒன்றைப் பயன்படுத்திய விதி, அதே ஒன்றைக் காயத்தோடு நிறுத்திவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், நிறுத்தியதற்கான சொல்லைக் காட்ட வேண்டும். அப்படி ஒரு சொல்லை என்னால் காண முடியவில்லை.

இவருக்குப் பொருந்தும் ஓய்வூதிய உரிமை விதிகளும் இதற்கு இசைவானவை. ஓய்வுக்குப் பின் தலைகாட்டும் நோயைக்கூட, பணிச்சூழல் தொடங்கிவைத்த நோய்ப்போக்கின் தாமதமான வெளிப்பாடு என்று மருத்துவ முறையில் நிறுவினால் அவை ஏற்கின்றன. தொடங்கிவைத்தது பணி, தொடர்ந்து நடந்தது உடல். இதயத் தாக்குதலுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருவது மருத்துவ நூல்களில் நிலைபெற்ற செய்தி. இந்தப் போக்கு உடலிலிருந்து மனத்துக்குத் தாவும் இடத்தில் மட்டும் விதி அறுந்துவிடும் என்பதற்குக் காரணம் இல்லை.

ஓராண்டு வரம்பு என்னவாகும்? இது கடினமான கேள்வி. மேற்கண்ட கோப்பில் இதய நோய் கண்டறியப்பட்டது 2014இல், மனச்சோர்வு 2016இல். காயத்துக்கு நாளும் நேரமும் உண்டு. நாட்பட்ட நோய்க்கு அப்படி இல்லை. மாத்திரை கூடும், மலைப்பகுதிப் பணிக்குத் தகுதி போகும், பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நின்றுபோகும், ஒவ்வொன்றும் ஒரு புதிய அடி. ஆகவே அந்த ஓராண்டை, வாரியம் மறுகேள்வியின்றி ஏற்க வேண்டிய காலம் என்று மட்டுமே கொள்ளலாம் எனத் தோன்றுகிறது. அதைக் கடந்த கோரிக்கையைச் சான்றுகளைக் கொண்டு எடைபோட வேண்டும். காலத்தைக் காட்டித் தள்ளக் கூடாது. இதற்கு மாறாக வாசிக்க முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் மாற்று வாசிப்பு, கால் இழந்தவரின் துயரத்துக்கு ஓர் அளவுகோலும் இதயம் பழுதானவரின் துயரத்துக்கு வேறோர் அளவுகோலும் வைக்கிறது.

நரசிங் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் அளித்த தீர்ப்பை எனக்கு எதிராகக் காட்டுவார்கள். ஆளெடுப்பின்போது மனநோயைக் கண்டறிய முடியாது, எனவே சேரும்போது நலமாக இருந்தார் என்ற அனுமானத்தை இயந்திரத்தனமாக நீட்டக் கூடாது என்றது அத்தீர்ப்பு. அது மனச்சிதைவு தனி நோயாக வந்த வழக்கு. வழிவந்த மனச்சோர்வுக்கு அந்த அனுமானமே தேவையில்லை. வாரியமே ஏற்றுக்கொண்ட முதல் நோய் அதன் ஊன்றுகோலாக இருக்கிறது. அதே அனுமானத்தை நிலைநிறுத்திய 2013இன் தரம்வீர் சிங் தீர்ப்பை இங்கே இழுப்பவர்களும் தேவைக்கு மேல் சுமக்கிறார்கள். நமக்கு உதவுவது ராஜுமோன் வழக்கில் 2025 மே மாதம் வந்த தீர்ப்பு: காரணம் எழுதாத வாரியக் கருத்து நிற்காது. அமைதிப் பகுதியில் தொடங்கியது என்ற ஒற்றை வரி இடத்தைச் சொல்கிறதே தவிரக் காரணத்தைச் சொல்லவில்லை.

இப்படிப் போனால் கோரிக்கைகள் பெருகிவிடும் என்ற அச்சம் நிதித்துறைக்கு உரியது. விதிவாசிப்பில் அதற்கு இடமில்லை. 2023 செப்டம்பர் 21இல் நடப்புக்கு வந்த புதிய உரிமை விதிகளும் அதற்கு முன் ஓய்வு பெற்ற இந்த ஹவில்தாரைத் தொடா.

இரண்டாம் வரிசையை ஏற்பதால் ஓய்வூதியத்தில் வரும் வேறுபாடு சிறியதல்ல. ராம் அவதார் வழக்கின் 2014 தீர்ப்புக்குப் பின், 30 விழுக்காடு 50ஆக உயர்த்திக் கணக்கிடப்படுகிறது. இரண்டாம் வரிசையும் ஏற்கப்பட்டால் மொத்தம் 60, கணக்கில் 75. இதைவிடப் பெரியது, ‘உன் மனம் கெட்டதற்கும் படைக்கும் சம்பந்தமில்லை’ என்று முத்திரையிட்ட தாளோடு ஒருவர் ஊர் திரும்புவது.

அட்டவணைக்கு வெளியே, அதே உறையில், ராணுவ மருத்துவமனை மனநல மருத்துவர் 2016இல் எழுதிய குறிப்பும் இருந்தது. இதய நோய் தெரிந்த நாள்முதல் உறக்கமில்லை, சாவு பற்றிய பயம், படைப்பிரிவை விட்டுப் பிரிந்த ஏக்கம் என்று நான்கு வரிகள். அவர் மனைவி தமிழும் தெலுங்குமாக என்னிடம் சொன்னதும் அதுதான்: “குண்டெ ஜப்பு (இதய நோய்) வந்த நாள்லேருந்து தூக்கமே இல்ல சார்.” வீட்டார் வாக்குமூலம் பற்றுள்ளது என்று தள்ளலாம். மருத்துவரின் நான்கு வரிகளை அப்படித் தள்ள முடியாது. மேல்முறையீட்டு மனுவில் அவ்வரிகளையே முதல் பத்தியாக வைத்து, இரண்டாம் வரிசை முதல் வரிசையால் வந்ததா என்று மறுஆய்வு வாரியம் எழுத்தில் பதில் சொல்லட்டும் என்று கேட்கச் சொன்னேன். மனு இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறது.