மாயாவி பேசிய தமிழ்

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து எம். சௌந்தரபாண்டியன் வெளியிட்ட முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1962இல் 'வேலியண்ட்' என்னும் பிரித்தானிய வார இதழில் தொடங்கிய தொடரின் தமிழாக்கம் அது. மின்சாரம் பாய்ந்தால் நாயகனின் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும்.

ஹேசூஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைக் கோடுகளைக் கலையென ஒப்புக்கொள்பவர்கள்கூட, முல்லை தங்கராசன் ஆசிரியராயிருந்த அந்த இதழ்களின் தமிழை உரைநடை வரலாற்றில் சேர்ப்பதில்லை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பேச்சுக்குமிழுக்குள் நீண்ட தமிழ்ச் சொற்களை அடக்குவது எளிய வேலையன்று. அந்த நெருக்கடியே அடைமொழிகளை உதிர்த்து, வினைச்சொல்லால் நடக்கும் ஓர் உரைநடையைத் தந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆரணியில் தறிச் சத்தத்துக்கு நடுவே, அட்டை போன பழைய இதழ்களை எழுத்துக்கூட்டிப் படித்த நமக்குப் பாடநூலுக்கு வெளியே கிடைத்த முதல் தமிழ் அது. (வீட்டில் கிடைத்த வசவு தனிக்கதை.)

1984இல் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். இன்று தாளும் வண்ணமும் எங்கோ உயர்ந்துவிட்டன. வசனந்தான் நம்மைத் தயங்க வைக்கிறது. லக்கி லூக்கின் வாயில் நம்மூர்ப் பேச்சுவழக்கு நகைச்சுவைக்கு உதவுகிறது. அதே நடை டெக்ஸ் வில்லரின் இறுக்கத்தைக் குலைக்கிறது. படம் சொல்லி முடித்ததையே குமிழும் சொல்கிறது.