சான்றிதழும் அனுமதிப்பத்திரமும்
யாழ்ப்பாணத்தாரின் மலாயாக் குடிப்பெயர்வு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்தாரின் சமூக வரலாற்றில் மலாயாவுக்குத் தனியிடம் உண்டு. குடாநாட்டின் பழைய கல்வீடுகள் பல மலாயாப் பணத்தால் எழுந்தவை. கோயிற்றிருப்பணிகளுக்கும் கல்லூரி மண்டபங்களுக்கும் பினாங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நன்கொடைகள் வந்து சேர்ந்தன. மாதந்தோறும் தபாற்கந்தோருக்கு வந்த காசுக்கட்டளைகள் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரியவைத்தன. ஆகவே மலாயாத் தொடர்பு பேசப்படும்போதெல்லாம் அது ஈட்டித்தந்த செல்வமே முதலில் நினைவுக்கு வருகின்றது. ஆனால் அச்செல்வத்தைத் தேடியவர்கள் அந்நாட்டில் எவ்வுரிமையோடு தொழில் புரிந்தனர், எவ்வுரிமையோடு வதிந்தனர் என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. தொழில் செய்யும் உரிமை ஒன்று. வதியும் உரிமை மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றெனத் தோன்றிய காலமொன்று இருந்தது. அவை வேறுவேறென உணர்த்தப்பட்ட காலம் பின்னர் வந்தது. அந்த மாற்றத்தையும் அதனால் விளைந்த இடர்ப்பாடுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறப்பாட்டின் பின்னணி

1874 ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கையோடு மலாய் நாடுகளில் ஆங்கிலேயரின் நேரடித் தலையீடு தொடங்கியது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896 இல் ஐக்கிய மலாய் நாடுகளாக ஒன்றிணைக்கப்பட்டன. ஈயமும், அதன்பின் இறப்பரும் வளர வளரப் பாதைகளும், புகையிரதமும், தபால் தந்தியும், நில அளவையும், திறைசேரியும், வைத்தியசாலைகளும் பெருகின. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு அமைந்த முதலாவது புகையிரதப் பாதை 1885 இல் திறக்கப்பட்டது. இவற்றையெல்லாம் நடத்துவதற்கு ஆங்கிலம் எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்த இடைநிலை உத்தியோகத்தர் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். மலாய் நாடுகளில் அத்தகையோர் அக்காலத்தில் மிகச் சிலரே. கோலாலம்பூரின் புகழ்பெற்ற விக்டோரியாக் கல்லூரியே 1893 இல்தான் தோன்றியது.

யாழ்ப்பாணத்தின் நிலையோ வேறு. அமெரிக்க மிசனரிமார் 1816 இல் வந்திறங்கி, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறியை நிறுவினர். வெசுலியன் மிசனும், திருச்சபை மிசனும், கத்தோலிக்கரும், பின்னர்ச் சைவப் பெரியாரும் நடத்திய பாடசாலைகள் ஒன்றுக்கொன்று போட்டியாக ஆங்கிலம் கற்பித்தன. ஆயினும் படித்துத் தேறியவர் தொகைக்கேற்ப உத்தியோகங்கள் குடாநாட்டிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. ஆறுகள் இல்லாத, கிணற்று நீரை நம்பிய சிறு தோட்டங்கள் தலைமுறைதோறும் சீதனமாகவும் முதுசமாகவும் துண்டுபட்டன. இவ்வாறு ஒருபுறம் கல்வியின் மிகுதியும் மறுபுறம் நிலத்தின் குறைவும் சேர்ந்து இளைஞரைக் கடல் கடக்கத் தூண்டின.

இலங்கையிற் பணியாற்றிப் பின் மலாயாவுக்கு மாறிய ஆங்கில அதிகாரிகளும் இதற்குத் துணையாயினர். இலங்கைப் பொதுவேலைத் திணைக்களத்திலிருந்த ஸ்பூனர் என்பார் 1891 இல் சிலாங்கூருக்குச் சென்று அரச பொறியியலாளரானார். 1901 இல் ஐக்கிய மலாய் நாடுகளின் புகையிரத சேவைக்குப் பொது முகாமையாளரானார். யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரின் திறமையை முன்னரே அறிந்த இத்தகையோரின் கீழ், புகையிரத நிலைய அதிபர் பதவி யாழ்ப்பாணத்தாருக்கே உரியதென்று சொல்லுமளவுக்கு அவர்கள் அங்கு நிறைந்தனர்.

பத்திரம் வேண்டாத பயணம்

இக்குடிப்பெயர்வின் முதற் சிறப்பியல்பு, அதற்கு அனுமதி எதுவும் தேவைப்படாமையாகும். இலங்கை ஆங்கிலேயரின் முடிக்குரிய குடியேற்ற நாடு. அங்கு பிறந்தவர் பிரித்தானியக் குடி. மலாயாவை ஆண்டதும் அதே முடியே. எனவே யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் கொழும்பிற் கப்பலேறிப் பினாங்கில் இறங்கும்போது வேலை அனுமதியோ வதிவிட அனுமதியோ பெறவேண்டியிருக்கவில்லை. அவன் பெட்டிக்குள் இருந்தவை பாடசாலைச் சான்றிதழும், மிசனரியார் ஒருவரின் நற்சாட்சிப் பத்திரமும், முன்னரே சென்றிருந்த தாய்மாமனோ ஒன்றுவிட்ட தமையனோ எழுதிய கடிதமுமே. அந்த உறவினரின் வீட்டில் தங்கிக் கந்தோர் கந்தோராக விண்ணப்பம் செய்து உத்தியோகம் பெறுவதே வழக்கம். சான்றிதழே அக்காலத்துக் கடவுச்சீட்டு எனின் மிகையாகாது.

தென்னிந்தியத் தொழிலாளரின் நிலையோடு இதனை ஒப்பிடுதல் தகும். அவர்கள் கங்காணி முறையிற் சேர்க்கப்பட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்தம் பயணமும் கூலியும் சட்டங்களாலும் அரச திணைக்களங்களாலும் கண்காணிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தாரோ தம் செலவிற் சென்ற சுயேச்சைப் பயணிகள். அரசாங்கம் அவர்களைத் தடுக்கவுமில்லை, பதிவேடுகளில் ஏற்றிக் காக்கவுமில்லை. 1930 களில், உலகப் பொருளாதார மந்தத்தின் விளைவாக மலாயா தன் வாயில்களை முதன்முறையாகக் குறுக்கியபோதும், 1933 இல் நடைமுறைக்கு வந்த அந்நியர் சட்டம் பிரித்தானியக் குடிகளல்லாத சீனரையே முதன்மையாகத் தாக்கியது. மந்த காலத்தில் அரச சேவைகளில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. மலாய்க்காரருக்கு முன்னுரிமை வேண்டுமென்ற குரலும் வலுத்தது. எனினும் மலாயாவில் வதியும் உரிமையைப் பற்றி யாழ்ப்பாணத்தார் ஐயுற வேண்டிய தேவை அப்போதும் எழவில்லை.

இவ்வாறு கேள்வியின்றிக் கிடைத்த உரிமை அவர்தம் வாழ்க்கை முறையையும் வகுத்தது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சுப் பகுதியிற் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். 1900 இல் சிலாங்கூர் இலங்கைத் தமிழர் சங்கத்தை நிறுவினர். ஆயினும் வேர் குடாநாட்டிலேயே இருந்தது. பெண் கொள்ள ஊருக்கு வந்தனர். தலைப்பிள்ளைப் பேற்றுக்கு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பினர். பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிற் சேர்த்தனர். காணி வாங்கியதும் வீடு கட்டியதும் ஊரிலேயே. உழைப்பு அங்கே, வாழ்வு இங்கே என்பதே அவர்தம் ஏற்பாடு. ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ‘மலாயாப் பென்சன்காரர்’ கிராமந்தோறும் மதிப்புக்குரிய மனிதராயினர்.

சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பெப்ருவரி முதல் 1945 வரை நீடித்த யப்பானியர் ஆட்சியே இவ்வேற்பாட்டுக்கு நேர்ந்த முதற் பேரிடி. மூன்றரை ஆண்டுகள் காசுக்கட்டளையும் இல்லை, கடிதமும் இல்லை. இரு கரைகளுக்கும் இடையிலான வாழ்வு எத்துணை மெல்லிய நூலிலே தொங்கிற்று என்பதைக் குடாநாட்டுக் குடும்பங்கள் அப்போது உணர்ந்தன.

1948: இரு சட்டங்கள்

போரின் பின் சாம்ராச்சியம் கலையத் தொடங்கியது. 1946 இல் அமைக்கப்பட்ட மலாயா யூனியன், குடியேறியோருக்குத் தாராளமாகப் பிரசாவுரிமை வழங்க முன்வந்தது. மலாய் மக்களின் கடும் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டு, 1948 பெப்ருவரி 1 ஆம் நாள் மலாயாக் கூட்டாட்சி தோன்றியது. மூன்று நாட்களின் பின், பெப்ருவரி 4 ஆம் நாள், இலங்கை சுதந்திரம் பெற்றது. ஒரே கிழமையில் நிகழ்ந்த இவ்விரு மாற்றங்களுக்கும் நடுவே அகப்பட்டவர் மலாயாவில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார்.

மலாயாக் கூட்டாட்சியின் விதிப்படி, வெளியிற் பிறந்த ஒருவர் விண்ணப்பித்துப் பிரசையாவதற்கு முந்திய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் அங்கு வதிந்திருத்தல் வேண்டும். அங்கேயே பிறந்தவராயின் முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் போதும். மலாய் மொழியோ ஆங்கிலமோ தெரிந்திருக்கவும், அந்நாட்டையே நிரந்தர இருப்பிடமாகக் கொள்வதாக உறுதி கூறவும் வேண்டும். ஆங்கிலம் யாழ்ப்பாணத்தாருக்குத் தடையன்று. நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த தந்தைக்கு ஆண்டுக் கணக்கும் பெரிதும் தடையன்று. ஆனால் ஊரிற் கட்டிய வீட்டை நினைப்பவர் நிரந்தர இருப்பிட உறுதியை எவ்வாறு எளிதில் அளிப்பார்? படிப்புக்காக ஊருக்கு அனுப்பப்பட்ட மகன் வதிவிட ஆண்டுகளை எவ்வாறு காட்டுவான்? குடும்ப நலனுக்காகக் கைக்கொண்ட வழக்கங்களே இப்போது குடும்பத்துக்கு எதிரான சாட்சியங்களாயின.

பிறந்த இடமும் புதிய பொருள் பெற்றது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை முடிக்குரிய குடியேற்ற நாடுகள். அங்கு பிறந்த பிள்ளை பிறப்பினாலேயே பிரித்தானியக் குடி. ஈப்போவும் கோலாலம்பூரும் சிரம்பானும் சுல்தான்மாரின் காப்பு நாடுகளைச் சேர்ந்தவை. அம்மண்ணிற் பிறந்தமை மட்டும் அத்தகுதியைத் தருவதில்லை. தந்தையின் இடமாற்றத்துக்கேற்ப ஒரு பிள்ளை பினாங்கிலும் மற்றொன்று ஈப்போவிலும் மூன்றாவது யாழ்ப்பாணத்திலும் பிறந்த குடும்பத்தில், உடன்பிறந்தோர் மூவரும் சட்டத்தின் முன் மூவகையினராயினர்.

இலங்கையின் பக்கமும் வாயில் குறுகிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவழியை அடிப்படையாகக் கொண்டது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் வெளிநாட்டிற் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை உரிய அதிகாரியிடம் ஓராண்டுக்குள், அல்லது சிறப்பாக நீடிக்கப்பட்ட காலத்துக்குள், பதிவுசெய்தாலன்றி அப்பிள்ளை இலங்கைப் பிரசையாகாது. வேறு நாட்டின் பிரசாவுரிமையை விரும்பி ஏற்பவர் இலங்கைப் பிரசாவுரிமையை இழப்பர். அதே ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் பிரசைகளல்லாதார் விசாவின்றி நாட்டில் வதிவதைத் தடைசெய்தது. ஆகவே மலாயாப் பிரசையாகிய மகன், தன் தந்தை கட்டிய வீட்டிலே தங்குவதற்கு விசா பெறவேண்டியவனானான்.

இச்சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியமை யாவரும் அறிந்தது. அதனைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து, 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடக்கிய சா. ஜே. வே. செல்வநாயகம் 1898 இல் ஈப்போவிற் பிறந்து, சிறுவயதில் தெல்லிப்பழைக்கு வந்தவர் என்பது இங்கு கருதத்தக்கது. மறுபுறம், 1915 இல் வட்டுக்கோட்டையிற் பிறந்து, குழந்தைப் பருவத்தில் மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிரம்பானில் வளர்ந்த சி. இராசரத்தினம், 1965 இல் சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சரானார். ஒருவர் அங்கு பிறந்து இங்கு தலைவரானார். மற்றவர் இங்கு பிறந்து அங்கு தலைவரானார். பிறந்த இடத்தைக் கொண்டு ஒருவர் எந்நாட்டவர் என முடிவுகட்டுதல் எத்துணைப் பொருந்தாதது என்பதற்கு இவ்விருவர் வாழ்வினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அனுமதிப்பத்திரத்தின் காலம்

1953 ஆகத்து 1 ஆம் நாள் மலாயாவில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் பழைய பயணத்துக்கு முற்றுப்புள்ளி இட்டது. உள்நாட்டிற் கிடைக்காத தனித்திறமை உடையோர், வாணிகத்தையும் கைத்தொழிலையும் வளர்க்கக்கூடியோர், அங்கு வதிவோரின் நெருங்கிய குடும்பத்தினர் முதலிய சில வகுப்பினரே இனி அனுமதிக்கப்பட்டனர். எழுதுவினைஞர் அங்கேயே கிடைத்தனர். எனவே சான்றிதழோடு கப்பலேறும் வழி அடைபட்டது. பிரித்தானியக் குடி என்ற பெயர் இனி வாயிலைத் திறக்கும் திறவுகோலாக இருக்கவில்லை.

1957 ஆகத்து 31 இல் மலாயா சுதந்திரம் பெற்றது. அக்காலத்திற் பலர் பிரசைகளாகப் பதிந்துகொண்டனர். முன்னதாக 1949 இல் பல்லினத்தாரும் கூடிப் பிரசாவுரிமைச் சிக்கலை ஆராய்ந்த சமூகத் தொடர்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், யாழ்ப்பாணத்து வழிவந்தவரும் பின்னர் 1951 இல் கல்விப் பொறுப்பை ஏற்றவருமான துரைசிங்கம் ஆவார். ஆயினும் ஊர் திரும்பும் எண்ணத்தால் பதிவைத் தள்ளிப்போட்டோரும் இருந்தனர். அவர்கள் கையில் எஞ்சியது பிரசைகளல்லாதாருக்குரிய சிவப்பு நிற அடையாள அட்டையே.

இத்தயக்கத்தின் விலை 1969 இல் தெரிந்தது. 1968 ஆம் ஆண்டின் தொழிற் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, மலேசியாவிற் பிரசைகளல்லாதார் எவரும் வேலை அனுமதிப்பத்திரமின்றித் தொழில் புரியலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பத்திரம் குறித்த காலத்துக்கே செல்லும். அதைப் புதுப்பிப்பதும் அந்த வேலைக்குப் பிரசை ஒருவர் கிடைக்கின்றாரா என்பதைப் பொறுத்தது. இதனாற் பெரிதும் இடருற்றோர் தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளரே. எனினும் பிரசாவுரிமை பெறாத இலங்கையரும் விதிவிலக்கானவரல்லர். பல்லாண்டு உழைத்த நாட்டிலேயே ஒருவர் நேற்று வந்தவரைப்போல் அனுமதி கேட்டு நிற்க நேர்ந்தது. 1965 இல் தனிநாடாகிய சிங்கப்பூரும் அவ்வாண்டிலேயே பிரசைகளல்லாதாருக்கு வேலை அனுமதி முறையைச் சட்டமாக்கியது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். சாம்ராச்சியம் யாழ்ப்பாணத்தாருக்கு வழங்கியது தொழிலையேயன்றி நாட்டை அன்று. தொழில் நிலைத்தவரை வதிவிடமும் நிலைத்ததாற் பத்திரத்தின் தேவையை அவர்கள் உணரவில்லை. புதிய அரசுகள் தம் மக்களின் வேலைவாய்ப்பைக் காக்க முனைந்தமையைக் குற்றமென்று கூறிவிட முடியாது. மலாயாவில் மலாய்க்காரரின் அச்சத்துக்கும் காரணமிருந்தது. ஆனால் உழைப்பை ஆண்டுக்கணக்கில் ஏற்றுக்கொண்ட நாடு, உழைத்தவனை மட்டும் அந்நியனெனக் கொள்வது நீதியாகாது. ஈப்போவில் யாழ்ப்பாணத்தாருக்கு எந்த நியாயம் வேண்டப்பட்டதோ, அதே நியாயம் அற்றனில் கொழுந்து பறித்தோருக்கும் உரியது. தம்மவர் மலாயாவிற் பதினைந்தாண்டு வதிவைச் சான்றாகக் காட்ட நின்ற காலத்திலேயே, இலங்கையில் இந்திய வம்சாவழியினரிடமும் தொடர்ச்சியான வதிவுக்குச் சான்று கேட்கப்பட்டது என்பதைக் குடாநாட்டுத் தலைவர் எல்லோரும் ஒரே கண்கொண்டு நோக்கினரல்லர்.

1970 களின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்வோர் பெருகினர். அதை ஒழுங்குபடுத்த 1985 இல் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1983 ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின் குடாநாட்டார் பல்லாயிரவர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் புகலிடம் கோரினர். இவர்களுள் எவரும் பாடசாலைச் சான்றிதழை மட்டும் நம்பிப் புறப்படவில்லை; பத்திரத்தின் வலிமையை முந்திய தலைமுறை பட்டறிந்திருந்தது. தாத்தாவின் பழைய பெட்டகத்திற் காணியுறுதியோடு கிடக்கும் மலாயாப் பிறப்புச் சான்றும் சிவப்பு அட்டையும் வெறுங் கடதாசிகள் அல்ல. ஒரு சமூகம் தன் உழைப்பை விற்றபோது தன் உரிமையை எழுதி வாங்க மறந்த வரலாற்றின் மூல ஆவணங்கள் அவையே. அவற்றைச் செல்லரிக்க விடாது பேணிப் படித்தல் வரலாற்று மாணவர் கடமையாகும்.