பெருந்திரள் இணையவழிப் படிப்பு

'மூக்' என்ற ஆங்கிலச் சுருக்கப் பெயரால் அறியப்படுவது. நுழைவுத் தேர்வும் கட்டணமும் இல்லாமல், எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரக்கூடிய பல்கலைக்கழகப் பாடம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடக்குறிப்புகளை இலவசமாக இணையத்தில் ஏற்றப்போவதாக 2001இல் அறிவித்தது. அது படிக்கக் கொடுத்ததே தவிர, வகுப்பு நடத்தவில்லை. 2008இல் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய பாடத்தில் கட்டணம் கட்டியவர்கள் சுமார் 25 பேர். இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் சுமார் 2,200 பேர். 'மூக்' என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

2011இன் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தைச் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் எல்லோருக்கும் திறந்துவிட, ஏறக்குறைய 1,60,000 பேர் பதிந்தனர். அடுத்த ஆண்டே யுடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் என்ற மூன்று மூக் தளங்களும் களமிறங்கின. எட்எக்ஸின் முதல் பாடமான மின்சுற்றுகளுக்குப் பதிந்தவர்கள் சுமார் 1,55,000, தேறியவர்கள் 7,157. நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்று இதைச் சொல்லலாம். ஆண்டுக்கு நூறு பேருக்குப் பாடம் எடுக்கும் பேராசிரியருக்கு அத்தனை பேரைத் தேறவைக்க எழுபது ஆண்டு ஆகும் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையே.

சறுக்கல் 2013இல். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் யுடாசிட்டியோடு சேர்ந்து நடத்திய கணிதப் பாடங்களில் தேர்ச்சி நேரடி வகுப்பைவிடக் குறைந்தது, திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கணிதத்தில் தடுமாறுபவருக்கு வீடியோ போதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டியிருந்தது. அதே காலத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் கோர்செரா மாணவர்களை விசாரித்தபோது, ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஏற்கெனவே பட்டதாரிகள். கல்லூரி வாசலை மிதிக்காதவருக்கென்று விரித்த பாயில் பட்டதாரிகளே அமர்ந்திருந்தனர். பின்னர் சான்றிதழுக்குக் காசு வாங்குவது வழக்கமாயிற்று. லாபநோக்கற்றதாகத் தொடங்கிய எட்எக்ஸ் தளம் 2021இல் 80 கோடி டாலருக்கு டூயு நிறுவனத்திடம் போனது.

இந்தியாவின் பாதை வேறு. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003 முதல் மத்திய அரசு நிதியில் நடத்தும் என்பிடெல், முதலில் வீடியோக்களை மட்டுமே வெளியிட்டது. 2014இல் சான்றிதழ்ப் படிப்புகளைத் தொடங்கியது. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். அசைன்மென்டுக்கு 25, மேற்பார்வையோடு தேர்வு மையத்தில் நடக்கும் தேர்வுக்கு 75 மதிப்பெண். முன்னதில் 10, பின்னதில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். அசைன்மென்ட் விடைகள் ஒவ்வொரு வாரமும் யூடியூபில் கிடைக்கும் நாட்டில், தேர்வு மையம் இல்லாமல் அந்தச் சான்றிதழுக்கு மரியாதை இருக்காது. கல்லூரிகளில் 'லோக்கல் சாப்டர்' என்ற பெயரில் இயங்கும் கிளைகளும் வழிகாட்டி ஆசிரியர்களும் என்பிடெல்லின் மற்றொரு தூண்.

2017இல் மத்திய அரசின் இணையவழிப் பாடத்தளமான ஸ்வயம் வந்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம்வரை இவ்வழியில் கிரெடிட் பெறலாம் என்றிருந்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021இல் அதை 40 ஆக்கியது. ஆர்வத்துக்குச் சேர்ந்தவர்களோடு கிரெடிட்டுக்குச் சேர்பவர்களும் பெருகினர். என்பிடெல் விரிவுரைகளின் எழுத்துவடிவம் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டு வருகிறது. வினாத்தாள் இன்னும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.