ஏர்வாடித் தீயும் பின்வாசல் சாவியும்

நான் எடப்புளி நாட்டுல இருந்து எழுதுறேன்.

2001 ஆகஸ்ட் 6, விடியக்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடிச்சு எரிஞ்சது. கூரைக் கொட்டகை. ஓடிடக் கூடாதுன்னு நோயாளிகளைச் சங்கிலியில கட்டி வச்சிருந்தாங்க. அப்புறம் எப்படித் தப்பிக்க முடியும்? 28 பேர் இறந்துட்டாங்க. குணமாகட்டும்னு சொந்தக்காரங்களே கொண்டுபோய் விட்டவங்க அவங்க. அதை நினைச்சாத்தான் எனக்கு மனசு ஆறல. உச்ச நீதிமன்றம் தானாவே இதை வழக்கா எடுத்துச்சு. அங்க இருந்த காப்பகங்களையும் மூடுனாங்க.

2004-ல கும்பகோணம் பள்ளிக்கூடத்துல 94 குழந்தைங்க. அங்கேயும் கூரைதான். 2011-ல கொல்கத்தாவுல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மாடிக் கட்டடம், கூரையே இல்ல. அடித்தளத்துல அடைச்சு வச்ச சாமான் எரிஞ்சு புகை மேல ஏறிடுச்சு. 90 பேருக்கு மேல போயிட்டாங்க, பெரும்பாலும் அந்தப் புகையிலதான்.

நம்ம மலை ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு. தீன்னா கீழ இருந்து உதவி வர நேரமாகும்.

நாத்தனார் பிரசவத்துக்காக ஒரு ஆஸ்பத்திரியில துணைக்குத் தங்கினேன். பின்வாசல் பூட்டியிருந்தது, குறுக்க பழைய கட்டில். சிவப்பு சிலிண்டர்ல தேதி முடிஞ்சு போச்சு. நர்சம்மாகிட்ட சாவி கேட்டேன். சிரிச்சாங்க, அப்புறம் தேடி எடுத்துக் குடுத்தாங்க. கட்டிலை நாங்க ரெண்டு பேருமா நகர்த்துனோம். அன்னிக்கு ராத்திரி சாவி என் முந்தானை முடிச்சுல இருந்துச்சு.